எலும்புக்குச் சாரம் கட்டும் அறிவியல்

அரசு மருத்துவமனை ஒன்றின் எலும்பு முறிவு சிகிச்சைப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியின் கடைசி ஆண்டுகளில் ஒரு நாள், வெளிநோயாளிகள் பிரிவில் ஒரு தாய், நாளிதழிலிருந்து வெட்டி எடுத்த துண்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். எலும்பைத் தானாக வளரச் செய்யும் புதிய பொருளை நம் நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கியிருப்பதாக அந்தச் செய்தி கூறியது. "ஐயா, இதை என் மகனுக்கு வைச்சா அந்தக் கம்பி வளையத்தை எடுத்துரலாமா?" என்று கேட்டார்.

அவருடைய மகனுக்கு இருபத்து நான்கு வயது. லேத் பட்டறைத் தொழிலாளி. இரவுப் பணி முடிந்து இரு சக்கர வாகனத்தில் திரும்பும்போது லாரி மோதியதில், கணுக்காலுக்கு மேலே கீழ்க்கால் எலும்பு நொறுங்கி, ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு இல்லாமலே போய்விட்டது. சோவியத் மருத்துவர் இலிசரோவ் சைபீரியாவின் குர்கான் நகரில் 1950-களில் உருவாக்கிய வளைய முறையில் அவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்த்தினால், விலகும் இடைவெளியில் உடல் புது எலும்பை இட்டு நிரப்பிவிடும். நகர்த்துவதற்கு எழுபது நாள். அது கெட்டிப்பட அதைவிட இரு மடங்குக்கும் மேலான காலம். அதுவரை காலைச் சுற்றிக் கம்பிகள், கம்பி நுழையும் இடங்களில் சீழ், வருமானமில்லாத ஒரு குடும்பம்.

"அது இன்னும் மருத்துவமனைக்கு வரவில்லை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் உண்மைதான். ஆனால், ஏன் வரவில்லை என்று அவர் கேட்டிருந்தால் அன்று என்னிடம் சரியான விடை இருந்திருக்காது. ஓய்வுக்குப் பிறகு அந்த விடையைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

அந்த இளைஞர் தனியொருவர் அல்லர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 4,43,366 பேர் காயமடைந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழகத்துக்கு: 64,105. உயிர் பிழைப்பவர்களைக் காப்பாற்றுவதில் நாம் முன்னேறியிருக்கிறோம். முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பின், இழந்த எலும்போடு ஒருவர் கழிக்கும் மாதங்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

எலும்பு இழப்பை நிரப்ப இன்றளவும் முதல் தரமான பொருள் நோயாளியின் சொந்த எலும்புதான். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து சுரண்டி எடுத்து இழப்புள்ள இடத்தில் வைப்போம். உயிருள்ள செல்கள், அவற்றைத் தூண்டும் புரதங்கள், அவை பற்றிக்கொள்ளும் கட்டமைப்பு என்று வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால், எடுக்கக் கிடைக்கும் அளவு குறைவு. எடுத்த இடம் இரண்டாவது காயமாகிறது. கால் குணமான பிறகும் இடுப்பு வலிக்கிறது என்று வந்த நோயாளிகள் எனக்குப் பலர். இறந்தவர்களின் தானமாகப் பெறும் எலும்பைப் பயன்படுத்தலாம் என்றால், அதில் தொற்று அச்சம் உண்டு. எனவேதான் எலும்புக்கு மாற்றுப் பொருள் தேடும் முயற்சி நூறாண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. 1892-லேயே ஜெர்மனியில் பாரிஸ் சாந்தைக் கொண்டு எலும்புக் குழிகளை நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தத் தேடலின் திசையை மாற்றியது ஒரு பேருந்துப் பயணம். 1967-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி ஹென்ச் என்ற பொருளறிவியலாளர், ராணுவ ஆய்வு மாநாடு ஒன்றுக்குச் செல்லும் வழியில், வியத்நாமிலிருந்து திரும்பியிருந்த கர்னல் ஒருவரின் அருகே அமர நேர்ந்தது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்க மறுப்பதால் வீரர்களின் கை கால்களை வெட்ட வேண்டியிருக்கிறது, உடல் ஏற்கும் பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று கர்னல் கேட்டார். ஹென்ச் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்தது வேறெதையோ. ஆயினும் எலும்பில் சுண்ணாம்பும் பாஸ்பரமும் இருப்பதை எண்ணி, அவ்விரண்டையும் சிலிக்கா, சோடா ஆகியவற்றுடன் உருக்கிக் கண்ணாடி செய்தார். 1969-இல் அதை எலிகளின் தொடை எலும்பில் பதித்துப் பார்த்த மருத்துவர், சில வாரங்கள் கழித்து அதைப் பிடுங்கி எடுக்கவே முடியவில்லை என்றார். எலும்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதுவரை, உடலுக்குள் வைக்கும் பொருள் எந்த வினையும் புரியாமல் சும்மா கிடப்பதே சிறப்பு என்று கருதப்பட்டது. உடலோடு வினைபுரியும் பொருளே சிறந்தது என்ற எண்ணம் அந்த எலிகளிடமிருந்து பிறந்தது. (அதே கண்ணாடி இன்று பல்கூச்சத்துக்கான பற்பசைகளிலும் சேர்க்கப்படுகிறது. நமக்கே தெரியாமல் அதைத் துப்பிக்கொண்டிருக்கிறோம்.)

ராபர்ட் லாங்கரும் ஜோசப் வகாண்டியும் 1993-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'திசுப் பொறியியல்' என்ற சொல் பரவலானது. அதன் அடிப்படைக் கருத்தை நம் கொத்தனார்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கட்டடம் எழும்பும்வரை சவுக்குக் கழிகளால் சாரம் கட்டுகிறோம். ஆட்கள் அதில் ஏறி நின்று வேலை செய்கிறார்கள். சுவர் தானே நிற்கும் நிலை வந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறோம். எலும்பில் ஆட்களுக்குப் பதில் எலும்பாக்கும் செல்கள். சாரத்தைப் பிரிக்க மட்டும் ஆளில்லை. அது தானே கரைந்து போக வேண்டும், அதுவும் உரிய நேரத்தில்.

சிக்கல் முழுவதும் அந்த 'உரிய நேரம்' என்ற சொற்களில்தான் இருக்கிறது. பாரிஸ் சாந்து சில வாரங்களில் கரைந்துவிடும். அதற்குள் எலும்பு வளர்ந்திருக்காது. எலும்பின் தாதுப்பொருளை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்டைச் சூளையில் சுட்டு வைத்தால், ஆண்டுகள் பல கழிந்தும் எக்ஸ்-ரேயில் அப்படியே வெள்ளையாகத் தெரியும். டைட்டேனியம் கரைவதே இல்லை. எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பானது. பளுவையெல்லாம் உலோகம் தாங்கிக்கொள்வதால் அருகிலுள்ள எலும்பு வேலையின்றி மெலிகிறது. மக்னீசியம் விறைப்பில் எலும்புக்கு நெருங்கி வருவதோடு கரையவும் செய்யும். ஆனால், கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். வேகமாகக் கரைந்தால் காயத்தைச் சுற்றி வாயு தேங்கும்.

நேரத்துக்கு அடுத்தது வடிவம். துளைகளற்ற கட்டியில் எலும்பு வளராது. துளை, தலைமயிரின் தடிமனான 100 மைக்ரான் அளவாவது இருக்க வேண்டும் என்று 1970-களிலேயே கண்டறிந்தனர். அதைப் போல் மூன்று மடங்கு இருந்தால் ரத்தக் குழாய்களும் நுழைய வசதி என்பது பின்னர் வந்த கருத்து. துளையைப் பெரிதாக்கினால் சாரத்தின் வலிமை குறைகிறது. வலிமையைக் கூட்டினால் துளை சுருங்குகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் வந்த பிறகு இந்தப் பேரம் கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. சிங்கப்பூரில் உருவான பாலிகேப்ரோலேக்டோன் என்ற கரையும் பிளாஸ்டிக் சாரங்கள், மண்டையோட்டில் அறுவைக்காக இட்ட துளைகளை அடைக்க 2000-களிலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. மண்டையோடு உடலின் எடையைத் தாங்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கால் எலும்பின் கதை வேறு.

இவற்றைவிட என்னை வியக்கவைத்தது, செல்கள் தாம் நிற்கும் தரையை உணர்கின்றன என்ற கண்டுபிடிப்பு. 2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலும்பு மஜ்ஜையின் குருத்தணுக்களை வெவ்வேறு விறைப்புள்ள கூழ்மங்களின் மேல் வளர்த்தனர். மிக மென்மையானதில் வளர்ந்தவை நரம்புச் செல்களின் சாயலையும், நடுத்தரமானதில் தசையின் சாயலையும், விறைப்பானதில் எலும்பின் சாயலையும் காட்டின. அடுத்த ஆண்டு கிளாஸ்கோ ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகளைப் பதித்துப் பார்த்தார்கள். புள்ளிக் கோலம்போல் பிசகின்றி வரிசையாக இட்ட குழிகளில் எலும்பு உருவாகவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் சிறிதளவு விலக்கி இட்டபோது, எந்த மருந்தும் சேர்க்காமலே செல்கள் எலும்புத் தாதுவைச் சுரக்கத் தொடங்கின. ஒழுங்குக்கும் ஒழுங்கின்மைக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று அவற்றுக்குப் பிடித்திருக்கிறது.

இந்த அறிவியலின் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு தாதுப்பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம். கம்பியும் கான்கிரீட்டும்போல் ஒன்று இழுவையையும் மற்றொன்று அழுத்தத்தையும் தாங்குகின்றன. அந்தக் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறுபோல் அமைந்தது என்பதை 1954-இல் 'நேச்சர்' இதழில் எழுதி உலகுக்குக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கொலாஜனை ஆராயும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் அடையாற்றில் பக்கத்திலேயே இருந்தது. இன்று உலகெங்கும் எலும்புச் சாரங்களில் கொலாஜன் சேர்க்கப்படுகிறது. ஆனால், அந்தப் பஞ்சுகளையும் துகள்களையும் நான் அறுவை அரங்கில் பிரித்தபோதெல்லாம் பெட்டியின் மேல் இருந்தது அயல்நாட்டு முகவரி.

நம்மிடம் ஆய்வு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. முட்டை ஓட்டிலிருந்தும் மீன் முள்ளிலிருந்தும் ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்து ஆய்வுக் கட்டுரை எழுதாத கல்லூரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடங்கள் சிலவற்றைப் போய்ப் பார்த்தேன். ஆர்வமும் உழைப்பும் மிக்க இளைஞர்கள். அவர்கள் காட்டிய சோதனைகளில் இரண்டு செய்திகள் என்னை உறுத்தின. புதிய பொருளின் மேல் அவர்கள் வளர்த்துக் காட்டும் 'எலும்புச் செல்கள்' பெரும்பாலும் எம்ஜி-63 போன்ற வகையைச் சேர்ந்தவை. அது எலும்புப் புற்றுநோயிலிருந்து எடுத்து வழிவழியாக வளர்க்கப்படும் செல். எங்கும் வளர்வதே அதன் இயல்பு. அது வளர்ந்தது என்பதால் நோயாளியின் செல்லும் வளரும் என்று கொள்ள முடியாது. அடுத்து, எலும்புத் தாது உருவாகிவிட்டதற்குச் சான்றாகக் காட்டும் செந்நிறச் சாயம். அது கால்சியத்தைப் பற்றும் சாயம். சாரமே கால்சியத்தால் ஆனது என்றால், செல் இல்லாவிட்டாலும் அது சிவக்கும். நல்ல ஆய்வாளர்கள் செல் இல்லாத சாரத்தையும் சாயமிட்டு ஒப்பிடுகிறார்கள். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

கண்ணாடித் தட்டில் வெற்றி பெற்ற பொருள் எலியில் தோற்கலாம். எலியில் வென்றது ஆட்டில் தோற்கலாம். தட்டில் ஊட்டநீர் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கும். உடலிலோ, ரத்தக் குழாயிலிருந்து ஐந்தில் ஒரு மில்லிமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு உயிர்க்காற்று எட்டாது. ஏழு சென்டிமீட்டர் சாரத்தின் நடுப்பகுதியில் விதைத்த செல்கள், குழாய்கள் அங்கு வந்து சேர்வதற்குள் மடிந்துவிடும். இத்துறையின் தீராத முடிச்சு இன்றும் இதுவே. 2001-இல் இத்தாலிய மருத்துவர்கள் மூன்று நோயாளிகளின் நீள எலும்பு இழப்பை, அவரவர் மஜ்ஜைச் செல்களை வளர்த்து விதைத்த ஹைட்ராக்சிஅபடைட் சாரத்தால் சரிசெய்ததாக அறிவித்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தச் சிகிச்சை இன்னும் எந்த நாட்டிலும் வாடிக்கையான ஒன்றாக மாறவில்லை.

ஆட்டுக்கும் மனிதருக்கும் இடையிலான தூரத்தைக் கடக்கத்தான் பணமும் பொறுமையும் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் உருவான சிலிக்கா கலந்த மட்பாண்டச் சாரம், ஆடுகளின் தொடை எலும்பில் சோதிக்கப்பட்டு நல்ல முடிவுகள் வெளியாயின. அந்த நிலையத்தின் பழைய வரலாறு நமக்கு ஒரு பாடம். வலியத்தான் தலைமையில் அங்கு உருவான இதய வால்வு, தோல்விகள் பலவற்றைக் கடந்து, 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அறுவை மருத்துவரும் உலோகவியலாளரும் ஆடுகளைப் பராமரித்தவரும் ஒரே வளாகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் ஒன்றாக உழைத்ததால் அது நடந்தது. மூன்றாண்டு நிதியும் முனைவர் பட்டமும் முடிந்ததும் கலைந்துவிடும் குழுக்களால் அது இயலாது. நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அத்தகைய குழுக்களே.

இங்கே ஓர் எதிர்க் கேள்வி எழலாம். விதிகளைத் தளர்த்தி, புதுப் பொருள்கள் விரைவாக நோயாளியைச் சென்றடைய வழிவிட்டால் என்ன? அந்தத் தாயின் முகத்தை நினைத்தால் எனக்கும் அப்படித் தோன்றும். அவசரத்தின் விலை என்னவென்று காட்டும் நிகழ்வுகள் அண்மைக் காலத்தில் நடந்திருக்கின்றன.

எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதம் ஒன்று இருப்பதை 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அதன் ஒரு வகையான பிஎம்பி-2-வை மாட்டுக் கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பில் வைக்கும் மெட்ரானிக் நிறுவனத்தின் பொருளுக்கு 2002-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. அறிவியல் வெற்றிதான். ஆனால், அந்தப் பஞ்சு புரதத்தைப் பிடித்து வைத்து மெல்ல விடும் திறனற்றது. எனவே உடலில் இயல்பாக இருப்பதைவிடப் பன்மடங்கு அளவு கொட்ட வேண்டியிருந்தது. ஒப்புதல் பெறாத கழுத்துப் பகுதியிலும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினர். சிலருக்குக் கழுத்து வீங்கி மூச்சுக்குழல் அழுந்தியதால் 2008-இல் எச்சரிக்கை வெளியானது. நிறுவனத்தின் நிதியில் நடந்த 13 ஆய்வுகளில், இந்தப் புரதம் பெற்ற 780 நோயாளிகளில் ஒருவருக்குக்கூட அதனால் பாதிப்பு இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. 2011-இல் 'ஸ்பைன் ஜர்னல்' அவற்றை மறு ஆய்வு செய்து, உண்மையான பாதிப்பு அதில் சொன்னதைப் போல் 10 முதல் 50 மடங்கு இருக்கும் என்றது. ஆய்வுகளை எழுதிய மருத்துவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த அமைப்புகளுக்கும் 1996 முதல் 2010 வரை ஏறத்தாழ 21 கோடி டாலர் சென்றிருந்ததை அமெரிக்க செனட் குழு 2012-இல் வெளியிட்டது. அந்நிறுவனம் தன் மூலத் தரவுகளை ஏல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்ததையும் சொல்ல வேண்டும். அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுக்கள், நோயாளியின் சொந்த எலும்பைவிட இந்தப் பொருள் குறிப்பிடும்படி மேலானது என்று கூற முடியவில்லை என 2013-இல் முடிவு சொல்லின.

இரண்டாவது நிகழ்வு, உயிருள்ள செல்களைத் தக்கவைத்துத் தயாரித்த தான எலும்புக் கூழைப் பற்றியது. 2021-இல் அமெரிக்காவில் அதைப் பெற்ற நோயாளிகள் சிலருக்கு முதுகுக் காயம் ஆறாமல் சீழ் பிடித்தது. ஆராய்ந்தபோது காசநோய். தானம் தந்த ஒரே ஒருவரிடமிருந்து 113 பேருக்கு அந்தப் பொருள் சென்றிருந்தது. அவர்களில் 87 பேரிடம் காசநோய்க்கான சான்று கிடைத்தது. இரண்டாண்டு கழித்து, அதே தயாரிப்பாளரின் வேறொரு பொருளால் மீண்டும் அதுவே நடந்தது.

பதறவைக்கும் செய்தி. ஆயினும் நான் அதில் கண்ட வேறொன்றைச் சொல்ல வேண்டும். அந்த 113 பேரும் யார், எந்த மருத்துவமனையில், எந்த நாளில் அதைப் பெற்றார்கள் என்பதைப் பெட்டியின் தொகுதி எண்ணைக் கொண்டு கண்டறிய அவர்களால் முடிந்தது. கண்டறிந்ததால் மருந்து கொடுக்கவும் முடிந்தது.

நம் நாட்டில் நடந்ததை இதனருகில் வைத்துப் பாருங்கள். உலோகத்தோடு உலோகம் உராயும் ஏஎஸ்ஆர் வகைச் செயற்கை இடுப்பு மூட்டை, பழுதாகும் விகிதம் அதிகம் என்று 2010-இல் ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனம் உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஆஸ்திரேலியாவில் அதற்கு முந்தைய ஆண்டே விற்பனை நின்றுவிட்டது. 1999 முதல் ஒவ்வொரு மூட்டு மாற்றையும் பதிந்து வரும் தேசியப் பதிவேடு அங்கே இருந்ததால், எந்த மூட்டு விரைவில் பழுதாகிறது என்பது அவர்களுக்குக் கணக்கில் தெரிந்தது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு 2018-இல் அறிக்கை தந்தபோது, சுமார் 1,080 பேரைத்தான் அடையாளம் காண முடிந்திருந்தது. மீதமுள்ள 3,600 பேர் எங்கே? தம் இடுப்பில் இருப்பது திரும்பப் பெறப்பட்ட பொருள் என்பதை அறியாமலே பலர் இருந்திருப்பார்கள். இன்றும் இருக்கலாம்.

உலோக மூட்டையாவது எக்ஸ்-ரேயில் காணலாம். கரையும் சாரத்தின் கதி என்ன? இரண்டாண்டில் அது மறைந்துவிடும். அதுதான் அதன் நோக்கமும். அதன் பிறகு தொல்லை வந்தால், உள்ளே என்ன வைக்கப்பட்டது என்பதற்கு உடலில் சான்றே இருக்காது. எனவேதான் இத்தகைய பொருள்களுக்குப் பதிவேடு முன்கூட்டியே வேண்டும் என்கிறேன்.

சட்டம் இப்போது ஓரளவு சரியாக இருக்கிறது. 2017-இல் மருத்துவச் சாதனங்களுக்கெனத் தனி விதிகள் வந்தன. 2020 ஏப்ரலில் எல்லாச் சாதனங்களும் மருந்துக்கு நிகரான கட்டுப்பாட்டின் கீழ் வந்தன. அபாயம் மிகுந்த பிரிவுகளுக்கு 2023 அக்டோபர் முதல் உரிமம் கட்டாயம். சாதனங்களால் நேரும் பாதிப்புகளைத் திரட்டும் தேசியத் திட்டமும் 2015 முதல் உண்டு. என் பணிக்காலத்தில் நான் அதற்கு அனுப்பிய படிவங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சக மருத்துவர்களும் அப்படியே. படிவத்தை நிரப்பினால் விசாரணை நம் மேல் திரும்புமோ என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. அந்தத் தயக்கத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று விலை. முழங்கால் மூட்டுகளுக்கு 2017 ஆகஸ்டில் உச்சவிலை நிர்ணயிக்கப்பட்டதால் ஏழைகள் பயனடைந்தனர். எலும்பு நிரப்பும் துகள்களோ ஒரு தேக்கரண்டி அளவுக்கே பல ஆயிரம் ரூபாய். ஏழு சென்டிமீட்டர் இழப்பை நிரப்ப அத்தகைய பெட்டிகள் எத்தனை வேண்டும்! அரசு மருத்துவமனையில் நாங்கள் இடுப்பெலும்பைச் சுரண்டியதற்கு மருத்துவக் காரணத்தோடு இதுவும் காரணம்.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை தேசிய மருத்துவச் சாதனக் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. மத்திய உதவியுடன் மருத்துவச் சாதனப் பூங்கா அமையும் மாநிலங்களில் தமிழகமும் ஒன்று; இடம் ஒரகடம். நல்ல வாய்ப்பு. ஆனால், பூங்காவில் நிலமும் மின்சாரமும் வரிச்சலுகையும் கிடைத்தால் ஊசிகளும் கையுறைகளும் உருவாகும். எலும்புச் சாரம் உருவாக வேறு சில தேவைப்படும். ஆடுகளையும் செம்மறிகளையும் ஓராண்டுக்கு மேல் வைத்துச் சோதிக்கும் தரமான கால்நடை அறுவை வசதி வேண்டும். அது கல்லூரிகள் கூட்டாகப் பயன்படுத்தும்படி கட்டணம் குறைந்ததாக இருக்க வேண்டும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உள்ள மாநிலத்தில் இது எட்டாத ஒன்றல்ல. அடுத்து, விபத்து நோயாளிகள் குவியும் அரசு மருத்துவக் கல்லூரிகளில் முறையான மனிதச் சோதனைகளை அரசின் செலவில் நடத்த வேண்டும். நிறுவனத்தின் செலவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிஎம்பி-2 சான்று. சோதனையின் தரவுகள், தோல்வியுற்றவை உட்பட, எவரும் காணும்படி இருக்க வேண்டும். ஏழைகளைச் சோதனைக்கு ஆளாக்குவதா என்ற கேள்வி வரும், வர வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டி, மறுத்தால் வழக்கமான சிகிச்சை குறையாது என்று உறுதி தந்து, பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு தரும் சோதனைக்கும், கேள்வி கேட்காமல் வைத்துவிட்டு மறந்துபோவதற்கும் வேறுபாடு உண்டு. இப்போது நடப்பது பெரும்பாலும் இரண்டாவது.

பதிவேட்டுக்குப் பெரிய கணினிக் கட்டமைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடலுக்குள் வைக்கும் பொருள்களின் பெட்டிக்குள் தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச் சீட்டுகள் சில இருக்கும். ஒன்றை மருத்துவமனைக் குறிப்பேட்டில் ஒட்டுவோம். மற்றவை பெட்டியோடு குப்பைக்குப் போகும். நோயாளியின் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒன்றை ஒட்டித் தர வேண்டும் என்று மாநில அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதற்குச் செலவே கிடையாது.

அந்த லேத் தொழிலாளிக்கு வளையத்தைக் கழற்ற பதினோரு மாதம் ஆனது. புது எலும்பும் பழைய எலும்பும் சந்திக்கும் இடம் கூடாமல் நின்றதால், கடைசியில் அவருடைய இடுப்பெலும்பைச் சுரண்டி, போதாத அளவுக்குக் கொஞ்சம் மட்பாண்டத் துகளையும் கலந்து வைத்தோம். வீட்டுக்குப் புறப்பட்ட நாளில் அந்தத் துகள் பெட்டியின் சீட்டொன்றை அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் நானே ஒட்டினேன். இது என்ன என்று அவருடைய தாய் கேட்டார். "உங்க மகன் காலுக்குள்ள வைச்ச பொருளோட அடையாளம் அம்மா, தொலைச்சிராதீங்க" என்றேன். குடும்ப அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் மடித்து வைத்துக்கொண்டார்.